கூமுட்டைக்கு நடந்த சண்டை

கருவேலங்காட்டுக் குளக்கரையில் முறுக்கன் என்ற கீரியும் நெடுவாலி என்ற சாரைப்பாம்பும் கூட்டாக ஒரு தொழில் நடத்தின. கீரிக்குப் பல் மழுங்கிவிட்டது. சாரைக்கோ பெரிய தவளையைக் கண்டாலே பயம். இந்த லட்சணத்தில் இரண்டும் சேர்ந்து ஊரை ஏமாற்றக் கிளம்பின.

கோரைப்புல்லுக்குள் நீர்க்கோழிகள் முட்டையிட்டிருக்கும். நெடுவாலி அங்கே போய்ச் சீறும். கோழிகள் அலறும். உடனே முறுக்கன் பாய்ந்து வந்து, வலிக்காமல் பாம்பின் கழுத்தைக் கவ்விப் புரட்டும். நெடுவாலி செத்த மாதிரி மல்லாந்துவிடும். கோழிகள் கூலியாக ஒரு முட்டை கொடுக்கும். பிறகு முறுக்கன் கூட்டாளியைப் புதருக்குள் இழுத்துப் போகும். அங்கே இரண்டும் பங்கு பிரித்துக்கொள்ளும். கோழிகளுக்குப் பாம்பெல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தினமும் ஒரே பாம்பு சாவதை அவை கவனிக்கவில்லை.

ஆனால் நீர்க்கோழிகளும் லேசுப்பட்டவை அல்ல. கூலிக்கென்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் குஞ்சு பொரிக்காமல் கெட்டுப்போன கூமுட்டைதான்.

கோடை முற்றியது. குளம் வற்றிக் கோரையும் காய்ந்தது. இரண்டு வயிறும் ஒட்டிப் போயின.

"அண்ணே, இன்னிக்கு வேணாமே. மேட்டுல மயில் மேயுது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது," என்றது நெடுவாலி.

"செத்த பாம்பை மயில் தொடாதுடா தம்பி. நான் இழுக்கிற வரைக்கும் நீ அசையாம கிட. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மயில் தொடுமா தொடாதா என்று முறுக்கனுக்குத் தெரியாது. பசி அப்படிப் பேச வைத்தது.

சண்டை நன்றாகவே நடந்தது. நெடுவாலி மல்லாந்தது. மூத்த நீர்க்கோழி ஒரு முட்டையை உருட்டிவிட்டது. பார்க்க நல்ல முட்டையாகத்தான் இருந்தது. முறுக்கன் அதை ஆசையாக வாயில் கவ்வியது. அப்போது மயில் மேட்டிலிருந்து இறங்கி வந்தது.

வாயைத் திறந்தால் முட்டை விழும். உண்மையைச் சொன்னால் தொழிலே போய்விடும். மயில் சும்மா பார்த்துவிட்டுப் போனாலும் போய்விடும் என்று நினைத்து முறுக்கன் நின்றுகொண்டிருந்தது.

மயில் பாம்பின் கழுத்தில் காலை ஊன்றியது. நெடுவாலி அசையவில்லை. அசையாமல் கிட என்று அண்ணன் சொல்லியிருந்தானே. அதன் கண் மட்டும் முறுக்கனையே பார்த்துக்கொண்டிருந்தது.

மயில் கொத்தியது.

முறுக்கன் வாயைத் திறந்தது. முட்டை கீழே விழுந்தது. "விட்டுடு! அது சாகலை! அவன் என் கூட்டாளி!"

கோழிகள் சிரித்தன. "செத்த பாம்புக்குச் சொந்தம் கொண்டாடுறான் பாரு. இதுக்கும் ஒரு முட்டை கேப்பான்," என்றது மூத்த கோழி. மயில் நிறுத்தவில்லை.

மயில் போன பிறகு, முறுக்கன் வழக்கம்போல வாலைப் பிடித்துப் புதருக்குள் இழுத்துப் போனது.

"தம்பி, எழுந்திரு. இங்க யாரும் இல்ல," என்றது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. நெடுவாலி எழுந்திருக்கவில்லை.

கரையில் உடைந்து கிடந்த முட்டை நாறியது. அன்றைக்கும் கூமுட்டைதான்.

பொய்யைப் பிழைப்பாக்கிக் கொண்டவனுக்கு, ஓர் உயிரைக் காக்கும் உண்மையைச் சொல்ல மனம் வருவதற்குள் காலம் கடந்துவிடும். சொன்னாலும் அதை நம்ப ஆள் இருக்காது.