மகளுக்கு ஓர் ஆதாரம்

“ஆலிமா, தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. நான் ஆறாங்கிளாஸோட நின்னவ.”

நபிமொழிகளைச் சொல்லித்தரும் ஹதீஸ் வகுப்பு முடிந்து பெண்கள் எல்லாரும் தைக்காவை விட்டுப் போய்விட்டார்கள். ஜெய்னம்பு மட்டும் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஐம்பது வயது. பாடம் நடத்தும் நூருல் ஆலிமாவுக்கு முப்பதுகூட இருக்காது.

“யாருகிட்ட சொல்லணும், லாத்தா?”

“என் மக ஸமீஹாகிட்ட. பத்து நாளா அவ தொழல.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேட்டா, எதுக்கு நம்பணும்னு திருப்பிக் கேக்குறா. சும்மா இருக்க முடியுமா? ஒரு வெள்ளைக்கார விஞ்ஞானி கடலுக்கடியில பாங்கு சத்தம் கேட்டு கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தாரே, அதைச் சொன்னேன்.”

“அவ?”

“அஞ்சு நிமிஷம் போன்ல தேடினா. அப்படி ஒரு ஆளே இல்லையாம். ‘இதுவே பொய்யின்னா, மத்ததெல்லாம் என்ன உம்மா?’ன்னுட்டா.” ஜெய்னம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “நாளைக்கு ஹாஸ்டலுக்குப் போறா. போனா கை விட்டுப் போயிடுவா. இதைவிடப் பெருசா ஒரு ஆதாரம் கொடுங்க. அவ வாயடைச்சுப் போகணும்.”

ஆலிமா சாக்கட்டியை எடுத்தாள்.

கரும்பலகையில் அன்றைய ஹதீஸ் இருந்தது. அதை யாரிடமிருந்து யார் கேட்டார் என்று ஆறு பெயர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. பக்கத்தில், அடியில், ‘ஜெய்னம்பு’ என்று எழுதினாள்.

“கடல் கதையை உங்களுக்கு யாரு சொன்னா?”

“எங்க மதினி. போன்ல அனுப்பினா.”

எழுதினாள். “மதினிக்கு?”

“அவ மருமக. துபாய்ல இருக்காளே, அவ.”

“மருமகளுக்கு?”

“அது... ஏதோ குரூப்ல வந்துச்சாம்.”

“குரூப்புக்குப் பேரு?”

“சொர்க்கத்துத் தோழிகள்.”

ஆலிமா உதட்டைக் கடித்துக்கொண்டு அதையும் எழுதினாள். “அந்தத் தோழிகள்ல யாரு லாத்தா கடலுக்குள்ள இறங்குனது?”

ஜெய்னம்புவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பலகையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

இந்தப் பக்கம் ஆறு பெயர்களும் நபிகள் நாயகம் வரை போயின. நடுவில் ஒருவர் பொய்யர் என்று தெரிந்தால் ஹதீஸையே தள்ளிவிடுவார்கள். நாலு வருஷமாகக் கேட்ட பாடம்தான்.

அந்தப் பக்கம், நாலாவது வரிக்கு மேல் ஒன்றுமில்லை.

“நல்லதுக்குத்தானே சொன்னேன், ஆலிமா?”

“நாப்பது வருஷம் ஒரு பொய் சொல்லாதவங்க லாத்தா, நபியவர்கள். அதுக்கப்புறம்தான் மக்காக்காரங்ககிட்ட மார்க்கத்தைச் சொன்னாங்க.”

“அப்ப ஆதாரம்?”

“வீட்டுக்குப் போங்க. அந்தக் கதை பொய்யின்னு சொல்லுங்க.”

“அவ்வளவுதானா? நாம தோத்த மாதிரி ஆயிடுமே!”

“போங்க லாத்தா.”

வீட்டில் ஸமீஹா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் சொன்ன அந்தக் கடல் கதை பொய். விசாரிக்காம சொல்லிட்டேன்.”

மகள் மடித்த துணியோடு நிமிர்ந்தாள். உம்மா ஒரு தப்பை ஒத்துக்கொண்டு அவள் கேட்டதே இல்லை.

“சரி. அப்ப நீங்க ஏன் உம்மா நம்புறீங்க?”

ஜெய்னம்பு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“உன் வாப்பா மவுத்தானப்ப நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம உள்ளறையிலேயே விதவைக்குள்ள இத்தா இருந்தேன். விடியுறதும் தெரியல, அடையுறதும் தெரியல. தொழுகை வக்து வந்தா மட்டும் எந்திரிப்பேன். கைகால் கழுவி ஒளு செஞ்சு, சஜ்தாவுல தலையைத் தரையில வைப்பேன். வைக்கும்போது இருந்த பாரம் எடுக்கும்போது இருக்காது. ஒருநாள்கூட அது தவறினதில்ல.”

ஸமீஹா துணியைக் கீழே வைத்தாள். பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்புறம்?”

ஜெய்னம்புவின் நாக்கு நுனியில், மதினி போனில் அனுப்பிய மற்ற அதிசயக் கதைகளிலிருந்து தேனீ வந்து நின்றது, பிறை வந்து நின்றது, இதயத்தைப் பிளந்து பார்த்த ஒரு டாக்டரும் வந்து நின்றார்.

எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”