பதினேழாம் பாட்டு

எந்தக் காலம், எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மருதங்கோட்டைச் சீமையை மகுடபூபதி என்று ஒரு ராஜா ஆண்டார், அது மட்டும் நிச்சயம். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், ஆள் உருகிப் போவார். அவர் அவையில் சொல்லழகர் என்று ஒரு புலவர் இருந்தார். மந்திரி வெள்ளியங்கிரியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரியிடமே யோசனை கேட்கிறாரே என்று வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் தெற்கே கொம்புக்காட்டில் மழை பொய்த்துவிட்டது. ஜனங்கள் பட்டினி, களஞ்சியத்தைத் திறக்க வேண்டும் என்றார் மந்திரி.

"என் பிறந்தநாள் விருந்துக்கு வைத்திருக்கும் நெல் ஐயா அது! விருந்து முடியட்டும், பார்க்கலாம்" என்று ராஜா தட்டிக்கழித்தார்.

அதே வாரம் சொல்லழகர் ராஜாவின்மேல் நூறு பாட்டு எழுதி அரங்கேற்றினார். பதினேழாம் பாட்டில் அவையே சொக்கிப்போனது. 'சீமையில் கடைசி வயிறு நிறையும்வரை எங்கள் மன்னன் சோற்றில் கை வைக்கமாட்டான்' என்பது அதன் பொருள். ராஜா முத்துமாலையைக் கழற்றிப் புலவர் கழுத்தில் போட்டார். மந்திரியின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதைப் புலவரும் பார்த்துவிட்டார்.

"பிரபு, இந்த நூலில் ஒரு வரியைப் பொய் என்று சொன்னாலும் சொன்னவன் நாக்கை அறுக்க ஆணையிட வேண்டும்" என்றார் புலவர்.

"ஆணையிட்டேன்!"

புலவர் மந்திரி பக்கம் திரும்பினார். "தெற்கே பட்டினி என்றீரே மந்திரியாரே, இப்போது சொல்லும். அங்கே பசி இருக்கிறதா? இருந்தால், மன்னர் இன்று மத்தியானம் சாப்பிட்டாரே, அப்படியென்றால் என் பாட்டு பொய்யா?"

பசி உண்டு என்றால் மந்திரியின் நாக்கு போகும். இல்லை என்றால் கொம்புக்காட்டுக்கு ஒரு மணி நெல்கூடக் கிடைக்காது.

மந்திரி எழுந்து கும்பிட்டார். "பாட்டில் ஒரு குறையும் இல்லை பிரபு. இவ்வளவு நல்ல பாட்டை நாலு சுவருக்குள் நாம் மட்டும் கேட்கிறோமே என்பதுதான் என் வருத்தம். ஊர் ஊராகப் பாட வைக்க உத்தரவு கொடுங்கள். தெற்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்."

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இன்றைக்கே ஆள் அனுப்பும்!" என்றார். புலவருக்கு மனதில் ஏதோ உறுத்தியது. ஆனால் தன் பாட்டை ஊரெல்லாம் பாடப் போகிறார்கள் என்றால் எந்தப் புலவர்தான் வேண்டாம் என்பார்?

உடுக்கைப் பாட்டுக்காரர்கள் ஐந்து பேர் கொம்புக்காட்டுக்குப் போனார்கள். பதினேழாம் பாட்டை மட்டும் பாடுங்கள் என்று மந்திரி சொல்லி அனுப்பியிருந்தார். கேட்ட ஜனம் கொதித்துப்போய் வரும், வந்து ராஜாவை நேருக்கு நேராகக் கேட்கும் என்று அவர் நினைத்தார்.

பிறந்தநாள் வந்தது. தலைவாழை இலையில் பதினெட்டு வகை பரிமாறியாயிற்று. ராஜா கையை நீட்டப் போகும் நேரம் பார்த்து வாசலில் சத்தம். கொம்புக்காட்டிலிருந்து நாற்பது பேர் நடந்தே வந்திருந்தார்கள். முன்னால் சடைச்சி என்ற ஆட்டுக்காரி, இடுப்பில் ஒரு மண்கலயத்தோடு நின்றாள்.

"உள்ளே விடுங்கள், மன்னர் புகழைக் கேட்டு வந்தவர்கள்" என்று மந்திரி காவலர்களை விலக்கினார்.

உள்ளே வந்த சடைச்சி இலையைப் பார்த்தாள். "பாத்தீங்களா, எலை போட்டு வச்சும் கை வைக்காம உக்காந்திருக்காரு! பாட்டு மெய்தான்!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். ராஜாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"சாமி, பாட்டு எங்க ஊருக்கு வந்தப்ப நாங்க கஞ்சி குடிச்சு மூணு நாளாச்சுங்க. அப்ப நீங்களும் மூணு நாளாப் பட்டினிதானுங்களே? அதை நெனச்சதும் எங்களுக்கு மனசு பொறுக்கலீங்க. வெதைக்கு வச்சிருந்த கம்பைக் குத்திக் கூழாக் காச்சிட்டோமுங்க. ஆளுக்கு ஒரு மடக்குக் குடிச்சோம், எங்க வயிறு நெறஞ்சுபோச்சு. மிச்சம் உங்களுக்குக் கொண்டாந்தோம். இனி நீங்க சாப்புடலாமுங்க சாமி."

அவள் பின்னால் நின்ற குழந்தை கலயத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபத்தோடு வருவார்கள் என்று பார்த்தால் கூழோடு வந்து நிற்கிறார்களே!

சொல்லழகர் ராஜாவின் காதருகே குனிந்தார். "பிரபு, கவிதை என்றால் கொஞ்சம் மிகையாகத்தான் சொல்வோம். அதெல்லாம் நிஜமா? நீங்கள் சாப்பிடுங்கள்."

"புலவரே, பதினேழாம் பாட்டு பொய் என்கிறீரா? கொஞ்சம் உரக்கச் சொல்லும், காவலர்களுக்குக் கேட்கவில்லை!" என்றார் மந்திரி.

புலவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா இலையை விட்டு எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "இந்தப் பாட்டைக் கேட்டு நான் முத்துமாலையைக் கழற்றினேன். இவர்கள் கேட்டு விதைக் கம்பைக் குத்தியிருக்கிறார்கள். பாட்டைச் சரியாகக் கேட்டது யார்? திறவுங்கள் களஞ்சியத்தை! விதைக்கும் சேர்த்து வண்டி கட்டுங்கள்! நாக்கறுக்கும் ஆணை ஒழிந்தது. ஆனால் சொல்லழகரே, பரிமாறுகிற வேலை இன்று உம்முடையது. கரண்டியைப் பிடியும்!"

பதினெட்டு வகையும் கொம்புக்காட்டு ஜனத்தின் இலைக்குப் போயின. புலவர் வியர்க்க வியர்க்கப் பரிமாறினார். பொழுது சாயும் நேரத்தில், கடைசிக் குழந்தையும் போதும் என்று சொன்ன பிறகு, ராஜா கலயத்தை வாங்கி அந்தக் கூழைக் குடித்தார். அவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்றார்.

"உங்களைப் பார்த்து எழுதிய பாட்டு என்றார் புலவர். இன்று நீங்கள் பாட்டைப் பார்த்து நடந்துகொண்டீர்கள் பிரபு" என்றார் மந்திரி.

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திடீரென்று முகம் மாறியது. "மந்திரி, இதுபோல் இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது?"

"தொண்ணூற்றொன்பது, பிரபு."

"அதில் நான் ஒரு மலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டதாக ஒன்று வருமே?"

"நாற்பத்துமூன்றாம் பாட்டு. மலைநாட்டு ஜனம் இன்னும் கேட்கவில்லை."

ராஜா துள்ளி எழுந்தார். "சொல்லழகரே! கரண்டியைக் கீழே வையும்! எழுத்தாணியை எடும், சீக்கிரம்!"