எட்டுக்கு முப்பத்தொன்பது

கொல்லிமலை அடிவாரத்தில், கனகவேல் பட்டறையில் தொழில் கற்க வந்தவர்களில் தவமணி ஒருத்திதான் வாத்தியாரைவிட மூத்தவள். அவருக்கு முப்பத்தெட்டு. அவளுக்கு ஐம்பத்திரண்டு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை வாத்தியாரே என்பாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

தவமணியிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மலைமேலிருந்து மூன்று பேரை நாமக்கல்லுக்கு ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப் போவாள். முடிந்ததும் அவரவர் வாசலில் கொண்டுவந்து விடுவாள். மற்ற நாட்களில் டாக்ஸி ஸ்டாண்டில் முறை போட்டு ஓட்டுவாள். ஸ்டாண்டுப் பலகையில் தன் பேரை எழுத வைக்க நாலு வருஷம் வாதாடியிருந்தாள். அந்தப் பலகையில் வேறு பெண் பேர் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை மலை ஏறும்போது, நாற்பத்திரண்டாவது வளைவில் பின் அச்சுக்குள் பல்சக்கரத்தின் பல் உடைந்து வண்டி நின்றுவிட்டது. பால் வண்டி வரும்வரை மூன்று பேரும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். தவமணி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

"நீ கும்பிடு, நான் மூச்சு விடறேன்," என்றாள் மூவரில் ஒருத்தியான சீரங்காயி. "ஆளுக்கொரு வேலை."

இன்று திங்கள். விடிந்தால் செவ்வாய்.

இந்த வண்டிக்குக் கம்பெனிச் சாமான் இப்போது கிடைப்பதில்லை. வெளியே செய்த இரண்டு செட் சேலத்திலிருந்து வந்து மேசைமேல் இருந்தன. செட்டுக்கு ஒரு சின்னச் சக்கரம், ஒரு பெரிய சக்கரம். ஒரு செட்டில் எட்டுப் பல்லுக்கு முப்பத்தொன்பது. வேகம் இராது, மேடு இழுக்கும். இன்னொன்றில் ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. சமதரையில் ஓடும், மேட்டில் திணறும்.

"எதைப் போடறது வாத்தியாரே?"

"டீ குடிச்சீங்களாக்கா?"

அந்நேரம் ஸ்டாண்டுத் தலைவர் நல்லுசாமி வந்து சேர்ந்தார். மேசையைப் பார்த்தார்.

"அம்மணி, ஒன்பதைப் போடு. இனிமே நமக்கு பைபாஸ் சவாரிதான். எண்பதுல போகாத வண்டிக்கு முறை கெடையாதுன்னு முடிவு பண்ணியாச்சு. பலகையில பேரும் இருக்காது."

"அப்ப மலைக்கு?"

"மலைக்கு வேற யாராச்சும் போவாங்க."

"யாரு?"

நல்லுசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு டீ சொல்லு கனகவேலு," என்றார்.

தவமணி இரண்டு செட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வாத்தியாரே, இதுல சின்னதையும் அதுல பெருசையும் எடுத்துக்கிட்டா என்ன? மலைக்கும் ஆச்சு, ஸ்டாண்டுக்கும் ஆச்சு. யார் மனசும் நோகாது."

கனகவேல் சிரிக்கவில்லை. "போட்டுப் பாருங்க," என்றார்.

பல்லோடு பல் எங்கே படுகிறது என்று பார்க்க மற்றவர்கள் நீல மசி தடவுவார்கள். கனகவேல் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்து எண்ணெயில் குழைத்தார்.

"சாமி குங்குமமாச்சே," என்றாள்.

"நெத்தியில ஒட்டறது பல்லுல ஒட்டாதா?"

அவளே தடவினாள். அவளே கையால் சுற்றினாள். மூன்று சுற்றுக்குள் கரகரவென்று பிடித்தது. எடுத்துப் பார்த்தால், பல்லின் ஓரத்தில் மட்டும் நகம் கீறினதுபோல ஒரு கோடு.

கனகவேல் சக்கரங்களைத் திருப்பிக் காட்டினார். எட்டிலும் முப்பத்தொன்பதிலும் ஒரே எண் வெட்டியிருந்தது. மற்ற இரண்டிலும் வேறொரு எண்.

"ஒன்னோட ஒன்னு தேய்ச்சுப் பழக்கினதுக்கா. பிரிச்சா ரெண்டுமே வீண்."

அந்தந்த ஜோடியை மாட்டிச் சுற்றினாள். எட்டு சத்தமில்லாமல் சுற்றியது. குங்குமம் பல்லின் நடுவில், பொட்டு வைத்ததுபோல் பதிந்திருந்தது. ஒன்பதும் அப்படித்தான். அதிலும் அதே பொட்டு.

தவமணிக்கு அழுகை வரும்போல் இருந்தது. "ரெண்டும் நல்லாத்தானே உக்காருது. அப்ப எதைப் போடறது?"

"பல்லுகிட்ட கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு," என்றார் கனகவேல். துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

நல்லுசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "இதுக்கு எதுக்கு அம்மணி இவ்வளவு யோசனை? எட்டைப் போட்டா மாட்டு வண்டி முந்திட்டுப் போவும். ஊரே சிரிக்கும்."

தவமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தாள். சாமியிடம் சொன்னாளோ, தனக்கே சொல்லிக்கொண்டாளோ. எட்டை எடுத்தாள்.

"மாடு முந்தினா முந்தட்டுங்க. வழி விடறேன்."

"பேரை அழிச்சுருவாங்க."

"அழிங்க."

"நாலு வருஷம் நடையா நடந்து எழுதின பேரு."

"எனக்குத் தெரியும். நடந்தது நான்தானே."

நல்லுசாமி எழுந்தார். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தவமணி வண்டிக்கு அடியில் படுத்தாள். பல்சக்கரங்களை மாட்டின ஹவுசிங்கை ஏற்றினாள். போல்ட் ஒவ்வொன்றாக முடுக்கினாள். நாலாவது போல்ட்டில் கை நின்றது.

"வாத்தியாரே."

"சொல்லுங்கக்கா."

"நாளைக்கு அந்தப் பக்கமாத்தான் போகணும். பலகையில என் பேரு இல்லாததைப் பார்த்துட்டு நான் எப்படிப் போவேன்?"

கனகவேல் குனிந்து அடுத்த போல்ட்டை அவள் கையில் வைத்தார்.

"சீரங்காயிக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியுமாக்கா?"

தவமணி அந்தப் போல்ட்டையும் முடுக்கினாள்.