ஒண்ணும் இல்லை

மரபணு ஆய்வகத் தலைவி ஜொஹரா பீவி கோபக்காரி. அவரிடம் பாடம் கேட்க வந்திருந்த கண் மருத்துவர் இன்னாசிமுத்து வயதில் மூத்தவர். அந்த மரியாதையெல்லாம் அன்று எடுபடவில்லை.

வெளியே பெஞ்சில் பூங்கோதை இரண்டு மகன்களோடு காத்திருந்தாள். பெரியவனுக்கு விழித்திரை தேய்ந்துகொண்டே போகும் நோய். சில வருடங்களுக்கு முன் அவன் ஜீனைச் சோதித்தபோது, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று அவள் இன்னாசிமுத்துவிடம்தான் கேட்டாள். கதவருகில் நின்றபடியே அவர், "ஜீன்ல ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லி அனுப்பினார். நம் டாக்டர்கள் வாயில் எந்நேரமும் தயாராக இருக்கிற வார்த்தை அது. காய்ச்சலுக்கும் அதுதான், புற்றுநோய்க்கும் அதுதான். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது சின்னவனும் பொழுது சாய்ந்தால் செருப்பைத் தடவித் தேடுகிறான். மரபணு இழையை நீளமாகப் படிக்கும் புது மெஷின் பிள்ளைகள் இருவரிடமும் ஒரே பழுதைக் காட்டியிருந்தது. தாய் வழியாக வந்தது.

"நான் பொய் சொல்லலையே மேடம். பழைய மெஷின் காட்டலை. இதுல என் தப்பு என்ன?"

ஜொஹரா பேனாவை எடுத்தார். இரண்டு நீளத் தாள்களில் 'கண்கண்கண்கண்' என்று இடைவெளி விடாமல் ஒரே மாதிரி எழுதினார். ஒன்றைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கி மேஜையில் கொட்டினார்.

"ஒரு பிழை வெச்சிருக்கேன். எங்கேன்னு சொல்லுங்க சார்."

இன்னாசிமுத்து வெகுநேரம் ஒட்டிப் பார்த்தார். எந்தத் துண்டும் எங்கேயும் பொருந்தியது. கடைசியில் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கினார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

ஜொஹரா வெட்டாத தாளை அவர் முன் விரித்தார். நடுவில் ஒரு 'க' மட்டும் 'ண்' இல்லாமல் நின்றது.

"இதே 'க' உங்க குவியல்லயும் இருந்துதே?"

"இருந்தது. கத்தரி வெட்டினதுன்னு நினைச்சேன்."

"பழைய மெஷினும் துண்டு துண்டா படிச்சு, பொருந்தாததை இப்படித்தான் ஒதுக்கி வெச்சது. இந்த இடத்தைப் படிக்க முடியலைன்னு ரிப்போர்ட்டுலயும் எழுதியிருந்தது. சொல்ல முடியாதுன்னு என்கிட்ட சொல்ல இப்போ வாய் வந்துது. அவகிட்ட ஏன் சார் வரலை?"

இன்னாசிமுத்து கதவுப் பக்கம் பார்த்தார். இப்போது போய் அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டார்.

"முதல்ல உக்காருங்க. அன்னைக்கு நின்னுக்கிட்டே சொன்னீங்க."

இன்னாசிமுத்து வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுமே பூங்கோதையின் முகம் மாறிவிட்டது. சின்னவனை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இவனுக்கு ஒண்ணும் இல்லைதானே சார்?"

பழகிப்போன அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.