தவிட்டுக்குருவிகள் தரைக்கு இறங்கிய நாள்

அந்தக் காலத்தில், காட்டில் எல்லா உயிருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, தவிட்டுக்குருவிகள் மர உச்சியில்தான் இருந்தன. ஏழு பேரும் அக்கா தங்கைகள். அவர்களுக்கு ஒரு வேலையும் இருந்தது.

மழை விட்ட மறுநாள் பாறையிலிருந்து வன்னி மரம் வரை ஓட்டப்பந்தயம் நடக்கும். நடுவில் முழுக்க உயரமான புல். மரத்தடியில் கூடியவர்களுக்கு ஓடுகிறவர்கள் தெரியமாட்டார்கள். மேலே இருக்கும் ஏழு பேரும்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"முயல் முன்னால. ஓணான் நின்னுட்டான். முள்ளு, முள்ளு, பார்த்து!"

அவ்வளவுதான் சொல்வார்கள்.

ஒருநாள் மூத்தவள், "முயல் முந்துது" என்றாள். கடைசித் தங்கை, "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஓணான்தான்" என்றாள். கீழே எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவள் இன்னும் சத்தமாகப் பதில் கொடுத்தாள். சிரிப்பும் கூடியது. அடுத்த பந்தயத்துக்கு இரண்டு மடங்கு கூட்டம். ஜெயித்தது யார் என்று கேட்க மறந்து, யார் யாரை மடக்கினாள் என்று பேசிக்கொண்டே எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

அப்போதுதான் கௌதாரியின் மகன் ஓட வந்தான். கழுத்தில் கரும்புள்ளி இருந்ததால் பொட்டு என்று பெயர். தாய்க் கௌதாரிக்கு அவன் ஒருவன்தான்.

"அக்கா, புல்லுக்குள்ள நரி வருதாம். பிள்ளைய விடலாமா?" என்று கேட்டாள்.

"நாங்க ஏழு பேரு இருக்கோம், பதினாலு கண்ணு இருக்கு. நீ ஏன்டி சாகுற?" என்றாள் மூத்தவள்.

பொட்டுவும் முயல்குட்டியும் புல்லுக்குள் ஓடினார்கள்.

"பொட்டு என்னமா ஓடுறான்!"

"எங்க ஓடுறான்? அப்பன மாதிரியே வளைஞ்ச காலு."

"அவங்கப்பன் எத்தனை பந்தயம் ஜெயிச்சவன் தெரியுமா?"

"எதுல? தூங்குறதுலயா?"

கூட்டம் ஆரவாரித்தது. சிரிக்கிற முகங்களைப் பார்க்க மூத்தவள் கூட்டத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல அடுத்தவளும் திரும்பினாள். கடைசியில் ஏழு பேரும் புல்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. கௌதாரியும் கவனிக்கவில்லை. தன் பிள்ளையைப் பற்றித்தானே பேசுகிறார்கள் என்று கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவளும் சிரித்துவிட்டாள்.

முயல்குட்டி மட்டும் வந்து சேர்ந்தது.

"பொட்டு எங்கேடா?"

"தெரியல அத்தை. பாதியில காலடிச் சத்தம் நின்னுபோச்சு. நான் திரும்பிப் பாக்கல."

கௌதாரி மேலே பார்த்தாள். "அக்கா, என் பிள்ளை எங்கே?"

"பாறைப் பக்கம் திரும்பினான், நான் பார்த்தேன்."

"நீ எங்கடி பார்த்தே? நரி வாலு தெரிஞ்சுது."

"அது வாலா? காத்துல ஆடின புல்லு."

"அவன் அப்பவே ஜெயிச்சுட்டுப் போயிட்டான்!"

ஒருத்தி சொன்னால் கௌதாரிக்கு உயிர் வந்தது, அடுத்தவள் சொன்னால் போனது. அழுவதா, தேடுவதா, எந்தப் பக்கம் ஓடுவது, ஒன்றும் விளங்கவில்லை. ஏழு வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பார்க்கலைன்னாவது யாராவது ஒருத்தி சொல்லுங்களேன்."

அதை மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. "வா, காட்டுறேன்" என்று மூத்தவள் தரைக்கு இறங்கினாள். "நீ என்ன காட்டுறது?" என்று மற்றவர்களும் இறங்கினார்கள். புல்லில் இறகும் இல்லை, இரத்தமும் இல்லை. சருகைப் புரட்டினார்கள். ஒருத்தி புரட்டிய சருகை இன்னொருத்தி திருப்பிப் போட்டுச் சண்டை பிடித்தாள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுப் பேராய்த் தரையில் தத்தி, சருகைப் புரட்டிப் புரட்டி ஓயாமல் கத்துகின்றன. கௌதாரியோ காலையிலும் மாலையிலும் உரக்கக் கூப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தி, குருவிகளின் கத்தலுக்குள் ஒரு பதில் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிறது.