புறாவுக்கு அமுது அளந்த காத்தலிங்கனார்

திருமாடக்குடி மாடநாதர் கோயிலில் காத்தலிங்கனார் செய்துவந்த திருத்தொண்டு, புறா எச்சம் சுரண்டுவது. இந்தத் தொண்டுக்கு யாரும் போட்டியிட வருவதில்லை. பூத்தொடுக்க ஆள் உண்டு, விளக்கேற்ற ஆள் உண்டு, சுவாமி புறப்பாட்டில் குடை பிடிக்க அடிதடியே உண்டு. எச்சம் சுரண்ட அவர் ஒருவர்தான். விடிந்ததும் ஒரு தகரத் துண்டும் தண்ணீர் வாளியுமாக வந்து மண்டபத் தூண்களைத் தேய்க்கத் தொடங்குவார். உபயதாரர்கள் தங்கள் பெயரைப் பொறித்து வைத்த பளிங்குக் கற்களில்தான் வேலை அதிகம். புறாக்களுக்கு உட்கார அந்த இடமே மிகவும் பிடித்திருந்தது.

வேலை முடிந்தபின் கொடிமரத்தருகே நின்று உள்ளே பார்த்துக் கும்பிடுவார். அங்கிருந்து சுவாமி தெரியாது. கருவறை விளக்கு மட்டும் ஒரு பொட்டாகத் தெரியும். மேலெல்லாம் எச்சம் பட்டிருக்கும் உடம்போடு அதற்கு மேல் போகலாகாது என்று அவரே ஓர் எல்லை போட்டுக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வேறு வேட்டி கட்டிக்கொண்டு வரலாமே என்று பஞ்சாபகேச குருக்கள் ஒருமுறை சொன்னார். வேறு வேட்டி இல்லை என்பதைக் காத்தலிங்கனார் சொல்லவில்லை. விளக்கைக் கும்பிட்டால் போதும் என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் ஒரு ஜோடிப் புறாவைக் கோயிலில் விடுவது அவ்வூர் வழக்கம். தர்மகர்த்தா நவநீதத்துக்குப் பேரன் பிறந்தான். மற்றவர்களைப்போல் சந்தையில் வாங்கிய சாம்பல் புறாவை விட்டுவிட்டுப் போக அவரால் முடியுமா? மயில்போல வாலை விரிக்கும் வெள்ளை லக்கா புறா ஒரு ஜோடியை வெளியூரிலிருந்து வரவழைத்தார். கூடவே ஒரு கூண்டும் வந்தது. கூண்டின் கதவைவிட அதில் அடித்திருந்த பெயர்ப் பலகை பெரிது. நாகசுரம் ஒலிக்க, எல்லா உயிரிடத்தும் கருணை காட்டவேண்டியதைப் பற்றி அவர் நெடுநேரம் பேசினார். அதுவரை அந்த இரண்டு உயிர்களும் வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தன. பேசி முடித்ததும் காத்தலிங்கனாரைக் கூப்பிட்டு, இவை தம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமம், வாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒப்படைத்தார்.

எவ்வளவு போடவேண்டும், எத்தனை முறை போடவேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அடியாருடைய கவலை அங்கே ஆரம்பித்தது. கோபுரத்துப் புறாக்கள் எங்கோ போய் மேய்ந்துவிட்டு வந்துவிடும். அவற்றின் பசி அவற்றின் பாடு. கூண்டிலிருக்கும் இவற்றுக்குத் தம் கையை விட்டால் வேறு கதியில்லை.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இவை சுவாமியின் புறாக்கள். சுவாமிக்கு ஆறு காலப் பூசை, ஆறு முறை நைவேத்தியம். அவர் ஆறு முறை உண்ணும்போது அவர் வீட்டில் இருப்பவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பது எந்த நியாயம்? மடப்பள்ளியில் கெஞ்சி ஒவ்வொரு காலத்திலும் ஒரு தொன்னை வாங்கிவந்தார். வெண்பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஆறு வேளையும் புறாக்களுக்கு அமுது படைத்தார். நடுவில் அவை குனுகினால் அதையும் பசி என்றே எடுத்துக்கொண்டு பொரி போட்டார். புறா ஆயிரம் காரணத்துக்குக் குனுகும். அவர் காதில் எல்லாம் பசியாகவே விழுந்தது. அவரோ ஒரே வேளை உண்பவர். ஆறு வேளை உண்பவர்களின் துன்பம் அவருக்குத் தெரிய வழியில்லை.

புறாக்கள் பந்துபோல ஆயின. தர்மகர்த்தா பார்த்துவிட்டு, வளர்ப்பு என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று தம் வயிற்றைத் தடவியபடியே மெச்சினார்.

பிறகு ஆண் புறா வால் விரிப்பதை நிறுத்தியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கியது. எச்சம் பச்சைத் தண்ணீராகப் போயிற்று. எச்சத்தோடே வாழ்ந்தவர் ஆதலால் அது நல்லதற்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கவலை கூடக்கூட இன்னும் கொஞ்சம் போட்டார். ஒரு காலையில் அது அலகில் ஒட்டிய பொங்கலோடு செத்துக் கிடந்தது.

வில்வ மரத்தடியில் அதைப் புதைத்துவிட்டு வந்தவரைத் தர்மகர்த்தா கொடிமரத்தடியிலேயே நிறுத்தினார்.

“வசந்த உற்சவத்துக்கு நாலு பெரிய மனுசங்க வராங்க. பேரு போட்ட கூண்டு காலியா இருந்தா எனக்கு என்னடா மரியாதை? இன்னொண்ணும் போச்சுன்னா, அன்னிக்கே நீயும் கோயிலை விட்டுப் போயிடணும்.”

கோயிலை விட்டால் காத்தலிங்கனாருக்குப் போக இடமில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அவர் சுவாமியை நொந்துகொள்ளவில்லை. விளக்கைப் பார்த்து, “என் கைதான் எங்கயோ தப்புப் பண்ணுது சாமி, எங்கன்னு காட்டிடு” என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

அதற்குள் பெண் புறாவும் இறகைச் சிலிர்க்கத் தொடங்கியிருந்தது. அவர் கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். மடப்பள்ளிக்காரர் நெய் சேர்த்துப் போட்டால் செரிக்கும் என்றார். கோயில் கணக்கர் பாதாம் பருப்பு என்றார். பிரதோஷத்துக்கு வரும் ஓர் அம்மையார், அதற்குக் கண்பட்டிருக்கிறது, சுற்றிப்போடுங்கள் என்றார். தர்மத்துக்கு அளவு ஏது, கேட்கும்போதெல்லாம் போடு என்று தர்மகர்த்தா சொன்னார். இவர்களில் யாரும் புறா வளர்த்ததில்லை.

வளர்த்தவர் ஒருவர் பின்தெருவில் இருந்தார். மஸ்தான் என்று பெயர். மொட்டைமாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர். பந்தயம் என்ற சொல்லுக்காகவே ஊர்ப் பெரியவர்கள் அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். காத்தலிங்கனார் புறாவைத் துண்டில் பொதிந்து அவரிடம் எடுத்துப் போனார். மஸ்தான் அதன் நெஞ்சுக்கு மேலிருந்த இரைப்பையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“என்னாங்க இது, புறாவா, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா? பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கு. சோறா போட்டீங்க?”

“சாமி பிரசாதம் பாய். ஆறு காலமும் வச்சேன்.”

“சாமிக்கு செரிக்கும். இதுக்கு எப்படிங்க செரிக்கும்? உள்ளயே புளிச்சுக் கெடக்குது.”

பிறகு அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முதலில் ஒரு பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர எதுவும் காட்டக்கூடாது. இரைப்பை இளகியபின் கம்பும் சோளமும் கொஞ்சம் பச்சைப்பயறும் கலந்து, காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. ஒற்றைப் புறாவுக்கு உள்ளங்கைக் குழி நிறைந்தால் போதும். கொத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பினால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். மிச்சத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும். செரிப்பதற்கு மணலும் செங்கல் தூளும் ஒரு சிரட்டையில் எப்போதும் இருக்கட்டும். பசித்தால்தான் அது பறக்கும், பசித்தால்தான் கைக்கு வரும் என்றார்.

“இடையில கேட்டா, பாய்?”

“கேக்கும். கேட்டுக்கிட்டேதான் இருக்கும். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.” புறாவைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “பொழைச்சுடும்னு நான் சொல்ல மாட்டேன். ரொம்பப் புளிச்சுப்போச்சு.”

மறுநாள் பகல் காத்தலிங்கனார் பட்ட பாட்டை மாடநாதர் மட்டுமே அறிவார். கூண்டின் முன் உட்கார்ந்தார். புறா வெறும் தட்டைக் கொத்தியது. தகரத்தில் எழுந்த அந்த டொக் டொக் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. அவரும் உண்ணவில்லை, அது அவருக்குப் பழக்கம்தான். கைதான் பேச்சுக் கேட்கவில்லை. தானாகப் பொரிப் பைக்குள் போயிற்று. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். மஸ்தான் சொன்னது தப்பாக இருந்தால்? சுவாமி சந்நிதியில், சுவாமியின் புறா, தம் கண்ணெதிரே பட்டினியால் செத்தது என்றாகிவிடுமே. நினைத்தவுடன் எழுந்துவிடுவார். பிறகு உட்கார்ந்துவிடுவார்.

வாழைப்பழத்தோடு வந்தவர்களையும் பொரியோடு வந்தவர்களையும் கும்பிட்டுத் தடுத்தார். அவர்கள் சும்மா போவார்களா? பிரசாதத்தையெல்லாம் இவனே தின்றுவிட்டு வாயில்லா ஜீவனைக் காயப்போடுகிறான் என்று, அவர் காதில் விழும்படியாகவே பேசிக்கொண்டு போனார்கள். செய்தி தர்மகர்த்தாவிடம் போயிற்று. அவர் ஒரு தொன்னைப் பொங்கலோடு நேரே வந்தார்.

“பட்டினி போட்டுக் கொல்றியாடா என் புறாவ?”

“வயித்துக்கு ஓய்வு குடுக்கணும்னு மஸ்தான் பாய் சொன்னாருங்க.”

“பந்தயம் விடுறவன் சொன்னானாம், இவன் கேட்டானாம். தர்மகர்த்தா சொல்றேன், போடு.”

காத்தலிங்கனார் தம் வாழ்நாளில் யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. அதற்கான சொல்லைத் தேடி எடுக்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

“மன்னிச்சுக்கங்க. போட மாட்டேங்க.”

தர்மகர்த்தா தொன்னையைக் கூண்டுக்குள் நீட்ட, அடியார் தட்டின்மேல் தம் இரண்டு கைகளையும் வைத்து மூடிக்கொண்டார். பத்துப்பேர் பார்க்கும் இடத்தில், எச்சம் சுரண்டுபவனோடு ஒரு தகரத் தட்டுக்காக மல்லுக்கட்டுவது பதவிக்கு அழகில்லை என்று தர்மகர்த்தாவுக்குப் பட்டது. உற்சவத்தன்று புறா வாலை விரித்து நிற்கவில்லையென்றால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். போகும் வழியில் பொங்கலைத் தாமே சாப்பிட்டுவிட்டார்.

புறா அன்று சாகவில்லை. மறுநாள் இரைப்பை இளகியிருந்தது. உள்ளங்கைக் குழியில் தானியம் வைத்து நீட்டினார். நாலைந்து மணி கொத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. இவ்வளவுதானா, இது போதுமா என்று உள்ளம் பதறப் பதற மிச்சத்தை எடுத்தார். அன்றுமுதல் காலையும் மாலையும் அந்த ஒரு குழி அளவு. ஒவ்வொரு முறையும் போடும்போது அதிகமோ என்று பயம், எடுக்கும்போது குறைவோ என்று பயம். ஜாதகம் பார்ப்பவர்போல எச்சத்தைப் பார்த்தார். அது மெல்லக் கெட்டிப்பட்டது. ஆனால் புறா வாலை விரிக்கவில்லை; கூண்டுக்குள் ஒரு சாண் உயரம்கூட எழும்பவில்லை. உற்சவமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

உற்சவத்தன்று சாயரட்சைப் பூசை. சந்நிதி நெரிந்தது. தலையில் பரிவட்டம் கட்டி, முதல் மரியாதையை எதிர்பார்த்துத் தர்மகர்த்தா முன்னால் நின்றார். பூசை முடிந்ததும் பெரிய மனிதர்களைக் கூண்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவருடைய உபயமான சர்க்கரைப் பொங்கல் சுவாமிக்கு முன்னால் சிறு குன்றாகக் குவிந்திருந்தது. வெளியே காத்தலிங்கனார், வழக்கம்போல் மாலைத் தானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டைத் திறந்தார்.

புறா அவர் தோளுக்கு மேலாக ஒரே வீச்சில் எழும்பியது. அவருக்கு உயிர் போய் வந்தது. அது கோபுரத்துக்குப் போகவில்லை. கொடிமரத்தைத் தாண்டி, நந்தியைத் தாண்டி, அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பறந்து கருவறைக்குள் நுழைந்து, மாடநாதர் திருமுடிமேல் பூக்களுக்கு நடுவே அமர்ந்தது. அமர்ந்து, வெகுநாளாக மூடிவைத்திருந்த வாலை முழுதாக விரித்தது.

மணியோசை நின்றுபோயிற்று. பிடியுங்கள், விரட்டுங்கள் என்று தர்மகர்த்தா கத்தினார். இரண்டுபேர் துண்டை உதறிக்கொண்டு முன்னே போனார்கள். குருக்கள் கையை நீட்டித் தடுத்தார்.

“யாரும் துண்டை ஓங்கப்படாது. சுவாமி சிரசுல உக்காந்திருக்கு. காத்தலிங்கம் எங்கே? உள்ளே வரச் சொல்லுங்கோ.”

அவர் கொடிமரத்தருகே, இனி எல்லாம் முடிந்தது என்று நின்றார். வழி விட்டார்கள். “இந்த வேட்டியோடயா சாமி?” என்று கேட்டார்.

“அதோடதான். புறா உம்ம வேட்டியையா பாக்கப்போறது? வாரும்.”

தானியக் கையை நீட்டியபடி உள்வாசற்படியில் வந்து நின்றார். புறாவைக் கூப்பிட வந்தவர் புறாவை மறந்தார். இத்தனை காலமும் ஒரு பொட்டு வெளிச்சமாக இருந்த இடத்தில் சுவாமியே இருந்தார். சந்தனம் பூசிய சிறிய லிங்கம். அவருக்கு முன்னால் அந்தப் பொங்கல் குன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த அடியாரின் முகம் கவலையில் சுருங்கியது. சுற்றியிருந்த யாரும் அவர் நினைவில் இல்லை.

“ஆறு காலமும் இவ்வளவு வைக்கிறாங்களே சாமி, உமக்கு செரிக்குதா?”

பின்னால் பலர் சிரித்தார்கள். குருக்கள் சிரிக்கவில்லை. புறா சிறகடித்து எழுந்து, நீட்டியிருந்த உள்ளங்கைக்கு வந்து கம்பைக் கொத்தத் தொடங்கியது. அதே கணத்தில் மாடநாதர் திருமுடியின் வலப்புறத்திலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூ நழுவி விழுந்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கோயிலில் ஒருவர் கேட்டு நிற்கும்போது வலப்பக்கம் பூ விழுந்தால் அது சுவாமியின் உத்தரவு, அவர் வாய்திறந்து சொன்ன பதில். அந்தப் பூவுக்காகப் பகலெல்லாம் கால்கடுக்க நிற்பவர்கள் உண்டு. தம் பதவி நீடிக்குமா என்று கேட்டு நின்ற தர்மகர்த்தாவுக்கு அது விழுந்ததில்லை.

குருக்கள் குனிந்து பூவை எடுத்தார்.

“இத்தனை வருஷமா எல்லாரும் இங்க வந்து வேணும் வேணும்னுதான் கேக்கறா. செரிக்கறதான்னு கேட்டவர் நீர் ஒருத்தர்தானய்யா. பதில் சொல்லிட்டார், வாங்கிக்கும்.”

பூவை அவர் கையில் கொடுத்தார். முதல் பிரசாதத்தையும் தர்மகர்த்தா நீட்டிய கையைக் கடந்து அவருக்கே கொண்டுவந்தார். காத்தலிங்கனார் ஒரு விள்ளல் மட்டும் எடுத்துக்கொண்டு, புறாவின் கண்ணில் படாமல் அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார். அதற்குள் புறா தண்ணீர் தேடித் தலையைத் திருப்பியிருந்தது. மிச்சக் கம்பின்மேல் அவர் விரல்கள் மடங்கின. அப்போதும், போதுமா என்று ஒருமுறை அதைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

சிறகு பட்டுத்தான் பூ விழுந்தது என்று தர்மகர்த்தா இன்றும் சொல்லிவருகிறார். பட்டிருக்கலாம். அந்தச் சிறகு எழும்பும்படியாகப் பசியைக் காத்துக் கொடுத்தவர் யார் என்பதை மாடநாதர் அறிவார். கொடுக்கும்போது அஞ்சி, கொடாதபோது அதைவிட அஞ்சி, அப்படியும் அளவு தப்பாமல் நின்ற அந்த அன்புக்கு நம் வணக்கம்.