சளசளப்பு என்ற பேர் வந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களைப்போலப் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்காட்டில் செம்பி என்ற இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் அடைகிடந்தாள். பொந்தின் வாயை மண்ணால் பூசிவிட்டு, அலகு நுழையும் அளவுக்குத்தான் சந்து வைத்திருந்தாள். இறகெல்லாம் உதிர்ந்துவிட்டது. குஞ்சு பொரித்து நாலு நாள். புருஷன் கருவன் கொண்டுவரும் பழம்தான் இருவருக்கும் உயிர்.

மரத்தடியில் ஏழு தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறியபடி பேசிக்கொண்டிருக்கும்.

"கருவனை மேற்கு மலையிலே பார்த்தாங்களாம்" என்றது ஒன்று.

"தனியாவா?"

"தனியா எதுக்கு அவ்வளவு தூரம் போறான்? பக்கத்திலே ஒருத்தி இருந்திருப்பா."

"அவளுக்குப் பழம்கூட ஊட்டினானாம்."

செம்பி மூச்சை அடக்கிக் கேட்டாள்.

அன்று கருவன் பிந்தி வந்தான். "எங்கே போனீங்க?" என்றாள்.

"இங்கே அத்தி பட்டுப்போச்சு. மேற்கு மலைக்குத்தான் போகணும்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நீட்டிய பழத்தையும் வாங்கவில்லை.

மறுநாள் அவன் போனதும், கண்ணால் பார்த்துவிடுவது என்று மண்சுவரைக் கொத்தி உடைத்தாள். வெளியே பாய்ந்தவளைச் சிறகு தாங்கவில்லை. தரையில் விழுந்தாள். எழுந்து பார்க்கும்போது மரநாய் ஒன்று திறந்த பொந்துக்குள் தலையை விட்டிருந்தது. குஞ்சு ஒரே ஒரு தரம் கத்தியது.

செம்பி குருவிகளிடம் தத்தித் தத்திப் போனாள். "யார் பார்த்தது?"

"நான் பார்க்கலே, இவதான் சொன்னா."

"எனக்கு அவ சொன்னா."

ஏழாவது குருவி சருகிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது: "சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

"அப்படியே பேசுங்க" என்றாள் செம்பி. "இனி உங்க வாயிலே சத்தம் மட்டும் இருக்கட்டும். சொல் இருக்க வேண்டாம்."

கருவன் அலகு நிறையப் பழத்தோடு வந்தான். வெறும் பொந்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான். பிறகு அவன் அவளோடு பேசவே இல்லை.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூடிச் சளசளக்கின்றன. வெறும் பேச்சுக்குச் சளசளப்பு என்றும் பேர் வந்தது. சொல் போனது குருவிகளுக்குத் தெரியாது. இன்னும் யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கின்றன.